பிராக் முடிந்தும் வாயு வராத இளம் நிலக்கரிக் கிணறு: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

யாழ்ப்பாணத்துக்கு அடியில் இருப்பது மயோசின் காலச் சுண்ணாம்புக்கல். நிலக்கரிப் படையில் ஒட்டியிருக்கும் மெதேன் வாயுவை எடுக்கும் தொழில் இங்கே இல்லை. அதற்காக நீரையும் மணலையும் அமுக்கத்தோடு செலுத்திப் படையைப் பிளந்து, அந்தப் பிளவை மணலால் திறந்து வைப்பதைத்தான் பிராக் என்கிறோம். ஆனால் இங்கே படித்துவிட்டுப் போய் அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலும் வேறு வயல்களிலும் கிணறு பார்க்கும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் இருக்கிறார்கள். இரவு வேலை முடிந்ததும் வட்ஸ்அப்பில் அமுக்க வரைபை அனுப்பிவிட்டு அவர்கள் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "அண்ணை, பிராக் நல்லாத்தான் போனது, மணலும் முழுக்க உள்ளுக்குப் போட்டுது. பிறகும் வாயு வரேல்லை. இன்னொருக்கா அடிக்கட்டோ?"

இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் பெரும்பாலும் சொல்வேன். தரம் குறைந்த நிலக்கரியில் பிராக் சிறிதாகப் போனதால் கெட்ட கிணறுகள் குறைவு. தண்ணீரைத் தவறாக இறைத்தும், மென்மையான நிலக்கரிக்குள் மணலைப் புதையவிட்டும், பக்கத்துப் படையை உடைத்தும் கெடுத்த கிணறுகளே அதிகம். இவற்றில் எது நடந்தது என்று தெரியாமல் இரண்டாம் முறை அடித்தால் பழுது பெரிதாகும். அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

கையில் இருக்க வேண்டியவை

தரம் குறைந்த நிலக்கரி, இளம் நிலக்கரி என்று இங்கே சொல்வது, விற்றினைற்று ஒளித்தெறிப்பு (நிலக்கரியின் முதிர்ச்சியைக் காட்டும் அளவு) ஏறத்தாழ 0.65 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் பழுப்பு நிலக்கரியையும் அதற்கு அடுத்த படியில் உள்ள உப பிற்றுமினசு நிலக்கரியையும். ஈரம் அதிகம், உறுதி குறைவு, தொன் ஒன்றுக்கு உள்ள வாயுவும் பொதுவாகச் சில கன மீற்றர்தான்.

இந்த வகை நிலக்கரி எல்லாவற்றுக்கும் பிராக் தேவையில்லை. அமெரிக்காவின் பவுடர் ரிவர் வடிநிலத்தில் படைகள் தடிப்பானவை, இயற்கை வெடிப்புகளும் நன்றாகத் திறந்தவை. அங்கே துளையைக் குழாய் போடாமல் விட்டு, படைக்கு நேரே அகலப்படுத்தி, தண்ணீரால் கழுவியே பெரும்பாலான கிணறுகளை ஓடவிட்டார்கள். குவீன்ஸ்லாந்தின் சூரத் வடிநிலத்தில் வலூன் படைகளிலும் நல்ல பகுதிகளில் பிராக் இல்லாமலே வாயு வருகிறது. ஊடுபுகவிடும் தன்மை குறைந்த ஓரப் பகுதிகளிலும், சீனாவின் ஏர்லியன் வடிநிலம் போன்ற பழுப்பு நிலக்கரி இடங்களிலும்தான் பிராக் கணக்குக்கு வருகிறது. உங்கள் கிணறு எந்த வகை என்று முதலில் கேளுங்கள்.

அப்புறம் தரவுகள். பிராக் நாளின் அமுக்கம், பாய்ச்சல் வேகம், மணல் செறிவு மூன்றும் ஒரே வரைபில் வேண்டும். அன்று தொட்டு இன்றுவரை நாளாந்த நீர், வாயு, கிணற்றடி அமுக்கம் வேண்டும். குறைந்தது இரண்டு வேறு திகதிகளில் எடுத்த நீர்ப் பகுப்பாய்வும், அகழ்ந்தெடுத்த நிலக்கரியின் வாயு அளவுப் பரிசோதனையும் வேண்டும். கிணற்றடி அமுக்கம் இல்லாமல் அனுப்பும் தரவை வைத்து யாராலும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அறிகுறி: தண்ணீர் வருகிறது, வாயு வரவில்லை

இங்கே இரண்டு காரணங்களைப் பிரித்தறிய வேண்டும். ஒன்றுக்குப் பொறுமை மருந்து. மற்றது அவசரம்.

முதலாவது, வாயு நிலக்கரியை விட்டு விடுபடும் அமுக்கத்துக்குக் கிணறு இன்னும் இறங்காமல் இருப்பது. இதைக் கடதாசியிலேயே கணக்குப் பார்க்கலாம். உதாரணத்துக்கு, ஆய்வுகூடம் தந்த லாங்மியர் கொள்ளளவு (நிலக்கரி பிடித்துவைக்கக்கூடிய உச்ச வாயு) தொன்னுக்கு 10 கன மீற்றர், லாங்மியர் அமுக்கம் (அதில் பாதியைப் பிடிக்கும் அமுக்கம்) 4 மெகாபாஸ்கல், நிலக்கரியில் உண்மையில் உள்ள வாயு 2 கன மீற்றர் என்று வையுங்கள். 4 ஐ 2 ஆல் பெருக்கி, 10 இலிருந்து 2 ஐக் கழித்து வரும் 8 ஆல் வகுத்தால் விடை 1 மெகாபாஸ்கல். படை 400 மீற்றர் ஆழத்தில் இருந்தால் தொடக்க அமுக்கம் ஏறத்தாழ 3.9 மெகாபாஸ்கல். ஆகவே 400 மீற்றர் உயர நீர் நிரல் 100 மீற்றரளவுக்குக் குறையும்வரை, பிளவு எவ்வளவு நீளமாக இருந்தாலும் நிலக்கரியில் ஒட்டியிருக்கும் வாயு வெளியே வராது. இன்னும் 250 மீற்றர் நீர் நிற்கும் கிணற்றைப் பார்த்து "பிராக் பிழைத்துவிட்டது" என்று அறிக்கை எழுதுவது அநியாயம்.

இந்தக் கணக்குக்குள் போகும் எண்களையும் சோதியுங்கள். லாங்மியர் சோதனையை நிலக்கரி தன் இயற்கை ஈரத்தோடு இருக்கும்போதே செய்திருக்க வேண்டும். உலர்த்திச் செய்தால் கொள்ளளவு கூடிக் காட்டும், விடுபடும் அமுக்கம் உண்மையை விடக் கீழே வரும். அதேபோல, மாதிரியை மேலே தூக்கும்போதே தப்பிவிடும் வாயுவும் இருக்கிறது. இளம் நிலக்கரியில் துளைகளுக்குள் சுதந்திரமாக நிற்கும் வாயுவும் நீரில் கரைந்த வாயுவும் கணிசமானவை. மாதிரியைச் சோதனைப் பெட்டிக்குள் அடைக்குமுன்பே அவை போய்விடும். இந்த இரண்டு பிழைகளும் ஒரே பக்கம் இழுப்பதால், நல்ல படையொன்று காகிதத்தில் மோசமாகத் தெரியலாம்.

இரண்டாவது, பிளவு நிலக்கரியைத் தாண்டி மணற்கல் படைக்குள் போய்விட்டிருப்பது. பம்பியின் வேகத்தைக் கூட்டினாலும் நீர்மட்டம் இறங்காது, நாள் போகப் போக நீரின் அளவும் குறையாது. இப்படிக் கண்டால் நீர்ப் பகுப்பாய்வை எடுங்கள். மெதேன் உள்ள நிலக்கரிப் படையின் நீர் வழக்கமாகச் சோடியமும் இருகாபனேற்றும் நிறைந்தது. அதில் சல்பேற்று மிகக் குறைவு, கல்சியமும் மக்னீசியமும் குறைவு. பிராக்கிற்கு முன் இல்லாத சல்பேற்றும் கல்சியமும் இப்போது நிலையாக வந்தால், வேறு படையின் நீர் உள்ளே வருகிறது என்று சந்தேகியுங்கள்.

ஆனால் அவசரப்பட்டு முதல் வார மாதிரியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பிராக் திரவத்தில் களியை அடக்க 2 சதவீதப் பொற்றாசியம் குளோரைட்டுச் சேர்த்திருப்பார்கள். மணலைத் தூக்கிச் செல்லும் குவார்ப் பசைக் குழம்பை உடைத்து நீராக்கப் போட்ட பேசல்பேற்றும் கடைசியில் சல்பேற்றாகத்தான் திரும்பி வரும். பொற்றாசியம் படிப்படியாக இறங்கித் தரையைத் தொட்ட பிறகு எடுக்கும் மாதிரிதான் படையின் பேச்சைப் பேசும். பக்கத்து மணற்கல்லின் நீரும் அதே வகையாக இருந்தால் இந்தச் சோதனை உதவாது. அப்போது வெப்பநிலைப் பதிவை எடுத்து, நீர் எந்த ஆழத்தில் நுழைகிறது என்று பாருங்கள்.

உறுதியானால், நீர் நுழையும் குழாய்த் துளைகளை அடைத்துப் படையைத் தனிமைப்படுத்துவதுதான் வழி. அடுத்த கிணறுகளில் பாய்ச்சல் வேகத்தையும் திரவத்தின் தடிப்பையும் குறையுங்கள், துளையிடலைப் படையின் எல்லையிலிருந்து தள்ளி வையுங்கள்.

இந்த இடத்தில் உற்பத்தியை மறந்துவிட்டு நீரைப் பற்றி ஒரு வார்த்தை. நிலக்கீழ் நீரையே பெரிதும் நம்பி வாழும் குடாநாட்டில் பிறந்தவர்கள் நாங்கள். சுன்னாகம் பக்கத்தில் கிணற்று நீரில் எண்ணெய் படர்ந்த காலத்தில் மக்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறோம். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், மன்னார்குடிப் பழுப்பு நிலக்கரியிலிருந்து மெதேன் எடுக்க 2010 இல் ஒப்பந்தமான திட்டத்தைக் காவிரிப் படுகை விவசாயிகள் எதிர்த்ததும் நீருக்காகத்தான். 2020 இல் தமிழ்நாடு அந்த மண்டலத்தைப் பாதுகாக்கச் சட்டமே கொண்டுவந்தது. குவீன்ஸ்லாந்தில் பென்சீன் குடும்ப இரசாயனங்களைப் பிராக் திரவத்தில் சேர்ப்பதற்கு 2010 இலேயே தடை வந்தது. அயல் கிணறுகளின் நீர் குறைந்தால் அதைச் சரிசெய்து கொடுக்கும் கடமையும் வாயு எடுப்பவர்களுக்கு உண்டு. வேறு படையின் நீர் வருகிறது என்ற சந்தேகம் எழுந்த அன்றே மேலிடத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அறிகுறி: வாயு நன்றாகத் தொடங்கி, சில வாரங்களில் விழுந்துவிட்டது

முதலில் பம்பியைப் பாருங்கள். கிணற்றடி அமுக்கம் ஏறியிருந்தால் பழுது படையில் இல்லை, இறைப்பில்தான். பம்பி கீழ்ப் படைக்கு மேலே தொங்கினால் வாயு அதற்குள் புகுந்து இறைப்பைக் குழப்பும். கடைசிப் படைக்கும் கீழே இறக்கினால் அநேகமாகச் சரியாகிவிடும்.

அமுக்கம் அப்படியே நிற்க, நீரும் வாயுவும் சேர்ந்து குறைந்தால் பாதை மூடுகிறது. இளம் நிலக்கரியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது மணல் புதைவதை. ஆய்வுகூடத்தில் இரண்டு பழுப்பு நிலக்கரித் தகடுகளுக்கு நடுவே ஒரு படை மணல் பரப்பி, படையில் இருக்கும் அமுக்கத்தைக் கொடுத்துத் திறந்து பாருங்கள். தகட்டின் முகம் முழுக்கச் சிறு குழிகள். சில மணிகளை நகத்தால் கிளறித்தான் எடுக்க வேண்டும். குழியின் விளிம்பில் நொறுங்கிய கரித்தூள் ஒதுங்கிக் கிடக்கும். அந்தத் தூள்தான் மற்ற மணிகளுக்கிடையிலான வழியையும் அடைக்கிறது. சோதனையை ஈரத் தகட்டில் செய்யுங்கள். உலர்ந்த துண்டு கூடுதல் உறுதி காட்டும், வெயிலில் வைத்தால் தானாகவே வெடித்து உதிர்ந்தும்விடும்.

மணற்கல்லின் யங்கின் மட்டு (விறைப்பின் அளவு) 10 ஜிகாபாஸ்கலையும் தாண்டிப் போகும். பழுப்பு நிலக்கரியில் அது 1 ஜிகாபாஸ்கலைச் சுற்றியே நிற்கும். அதனால் பிளவு அகலமாகவும் குட்டையாகவும் திறக்கிறது. மணலை ஐதாகப் பரப்பினால் இரண்டு சுவரும் சேர்ந்து அதை விழுங்கிவிடும். எனவே நீளத்தைத் துரத்தாமல் சதுர மீற்றருக்கு விழும் மணலைக் கூட்டுங்கள். 20/40 சல்லடை அளவு மணலோடு தொடங்கி, கிணற்றோரத்தில் அதைவிடப் பருத்த 16/30 மணலால் முடியுங்கள்.

சிலர் இந்த இடத்தில் விலை கூடிய பீங்கான் மணிக்கு மாறச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 500 மீற்றர் ஆழத்தில் பிளவை மூடும் அமுக்கம் 10 மெகாபாஸ்கலைச் சுற்றித்தான் இருக்கும். நல்ல சாதாரண மணல் 25 மெகாபாஸ்கலுக்கு மேலும் நொறுங்காமல் தாங்கும். இங்கே தோற்பது நிலக்கரிச் சுவர். மணியை இன்னும் வலுவாக்கினாலும் அது புதைவது நிற்காது.

அடுத்து, இறைத்த வேகம். நீரை வெளியே எடுக்க எடுக்க மேலுள்ள பாறையின் பாரம் நிலக்கரி மேல் இறங்கி, இயற்கை வெடிப்புகளை மூடுகிறது. வாயு விடுபடும்போது நிலக்கரி சுருங்கி அவற்றை ஓரளவு திறந்துவிடும். ஆனால் வாயு குறைந்த இளம் நிலக்கரியில் அந்தச் சுருக்கம் சிறியது, இழந்ததை அது மீட்டுத் தரும் என்று நம்பக்கூடாது. நீர்வேலி, கோப்பாய்ப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு இந்தக் குணம் புரியும். கிணற்றை ஒரே மூச்சில் அடிவரை இறைத்தால் உவர் மேலேறும், ஆறவிட்டு இறைத்தால் நன்னீர் நிற்கும். நீர்மட்டத்தை ஒரு நாளைக்கு ஒரு சில மீற்றருக்கு மேல் இறக்காதீர்கள். விடுபடும் அமுக்கத்தை நெருங்கும்போது அதையும் குறைத்து, முதல் வாயு தலைகாட்டியதும் சில நாள் அதே மட்டத்தில் நிறுத்துங்கள். மாத அறிக்கையில் வாயு காட்ட வேண்டும் என்று அலுவலகம் நெருக்கும்போது கடைப்பிடிக்கக் கஷ்டமான அறிவுரை இது. ஆனால் கிணற்றின் எஞ்சிய ஆயுள் அந்த வாரங்களில்தான் முடிவாகிறது.

அறிகுறி: நீர் கறுப்பாக அல்லது சாம்பலாக வருகிறது, பம்பி இறுகுகிறது

ஒரு கண்ணாடிப் போத்தலில் நீரைப் பிடித்து மேசையில் வையுங்கள். கறுப்புத் தூள் அடியில் படிந்து மேலே தெளிந்தால் அது கரித்தூள். பிளவுக்குள் ஓட்டம் வேகமாகிவிட்டது என்று அர்த்தம். பம்பியின் வேகத்தைக் குறையுங்கள். மறுநாளும் தெளியாமல் சாம்பல் நிறக் கலங்கலாகவே நின்றால் அது களி. வலூன் போன்ற இடங்களில் நிலக்கரிக்கு நடுவே இருக்கும் சேற்றுக்கல்லில் நீர் பட்டால் ஊதும் சிமெக்றைற்றுக் களி உண்டு. அங்கே வேகத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. நன்னீர் படாமல் பார்க்க வேண்டும், கழுவுவதற்கும் பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலையே பாவிக்க வேண்டும்.

கறுப்பு நீர் வரும் கிணற்றைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். குழாயில் தொங்கிக்கொண்டிருந்த தூள் எல்லாம் பம்பியின் தலையில் இறங்கி உட்காரும். சுழற்றும் விசை கூடிக்கொண்டு போனால், மேலிருந்து சிறிது நீர் விட்டுத் தூளை ஐதாக்கிக்கொண்டே ஓடவிடுங்கள்.

அறிகுறி: பிராக் நடக்கும்போதே அமுக்கம் ஏறுகிறது, மணல் போக மறுக்கிறது

வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். பாய்ச்சலைப் பாதியாக்கும்போது உராய்வு கால்வாசிக்கு இறங்கினால் தடை துளையிடலில் இருக்கிறது. அது முக்கால்வாசிக்குக் கிட்டவே நின்றால், கிணற்றோரத்தில் பிளவு வளைந்து நெளிந்து போகிறது. முதலாவதற்குத் துளைகளைத் திறந்துவிட வேண்டும். இரண்டாவதற்கு 100 மெஷ் நுண்மணலைச் சிறு சிறு கட்டிகளாக அனுப்பி வழியை அரைத்துச் சீராக்கலாம். அதே நுண்மணல் இயற்கை வெடிப்புகளுக்குள் திரவம் ஒழுகுவதையும் குறைக்கும்.

இரு அச்சும் மடக்கை அளவான தாளில் நிகர அமுக்கத்தை (பிளவுக்குள் உள்ள அமுக்கத்தில் பிளவை மூடும் அமுக்கத்தைக் கழித்தது) நேரத்துக்கு எதிராக வரைந்துகொண்டே இருங்கள். சாய்வு மெதுவாக ஏறினால் பயமில்லை. 1 ஐத் தொட்டால் பிளவின் முனை அடைபட்டுவிட்டது. மணலை உடனே நிறுத்தித் திரவத்தால் தள்ளுங்கள். சாய்வு கீழே திரும்பினால் பிளவு உயரமாக ஓடுகிறது. மேலே சொன்ன வெளிநீர்ப் பிரச்சினை பிறக்கும் நிமிடம் அதுதான்.

ஆழம் குறைந்த கிணறுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மேலுள்ள பாறையின் பாரம் மீற்றருக்கு ஏறத்தாழ 22.6 கிலோபாஸ்கல், 400 மீற்றரில் 9 மெகாபாஸ்கல். பம்பியை நிறுத்திய உடன் கிணற்றடியில் பதியும் அமுக்கம் இதைத் தாண்டினால், பிளவு கிடையாக, பாய் விரித்த மாதிரித் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். கிடைப் பிளவு படையிலிருந்து படைக்குப் பாயாது. மெல்லிய படைகள் பல உள்ள இடத்தில் ஒரே அடியில் எல்லாவற்றையும் பிடிக்கலாம் என்ற திட்டம் அங்கே உதவாது. படைக்குப் படை தனித்தனியாக அடிக்க வேண்டும்.

அறிகுறி: திரும்பி வரும் திரவம் இன்னும் வழவழப்பாக இருக்கிறது

குவார்க் குழம்பு உடையவில்லை. 400 மீற்றர் ஆழத்தில் வெப்பநிலை பல இடங்களில் 40 பாகையைத் தாண்டாது. பேசல்பேற்று ஒழுங்காக வேலை செய்ய ஏறத்தாழ 50 பாகை வேண்டும். நொதியத்தைப் போடுங்கள், அல்லது பேசல்பேற்றைத் தூண்டும் பொருளைச் சேருங்கள். சோதனைக் குவளையைப் படையின் வெப்பநிலையில் வைத்தே உடைபடும் நேரத்தை அளக்க வேண்டும். ஒட்சிசன் கூட்டங்கள் நிறைந்த இளம் நிலக்கரி குழம்பின் எச்சத்தைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும், பிறகு கழுவி எடுப்பது கடினம். இயன்றவரை வெறும் நீர், இல்லாவிட்டால் மென்குழம்பு, நீரே ஆகாத படைக்கு நைதரசன் நுரை என்ற வரிசையில் யோசியுங்கள்.

அறிகுறி: கூழ்முட்டை மணம்

ஐதரசன் சல்பைட்டு. காற்று வரும் திசைக்கு ஒதுங்கி, அளவுமானி இல்லாமல் கிட்டப் போகாதீர்கள். செறிவு கூடினால் மூக்கு மரத்துவிடும், மணம் போய்விட்டது என்று நினைக்கும் நேரமே ஆபத்தான நேரம். வெளியிலிருந்து கொண்டுவந்த பிராக் நீரில் சல்பேற்றும் பற்றீரியாவும் இருந்திருக்கலாம், குவார் மிச்சம் அவற்றுக்குத் தீனி. அடுத்த முறை தாங்கிக்குள் விடுமுன்பே நீரைச் சோதித்து, பற்றீரியாக்கொல்லி சேருங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, மீண்டும் பிராக் செய்யலாமா?

நிலக்கரியில் வாயு இருப்பது ஈரச் சோதனையில் தெரிகிறது. கிணற்றடி அமுக்கம் விடுபடும் அமுக்கத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. பம்பி சரி, நீரும் நிலக்கரியின் நீர்தான். இந்த நிலையிலும் ஓட்டம் குறைவென்றால் மீள்பிராக் கேட்பது நியாயம். அதற்கு முன், கிணற்றை மூடி அமுக்கம் எப்படி மீள்கிறது என்று அளந்தால், பிளவு மூடிவிட்டதா, பிளவுக்கு அப்பால் நிலக்கரியே இறுக்கமானதா என்று பிரியும். பிளவு மூடியிருந்தால் மணலைக் கூட்டி அடியுங்கள். நிலக்கரியே இறுக்கமென்றால் புதிய கிணற்றை நெருக்கமாகப் போடுவது இரண்டாம் பிராக்கை விட மலிவாக வரலாம், இரண்டுக்கும் செலவு போட்டுப் பாருங்கள்.

அந்த அளவீட்டுக்காகக் கறுப்பு நீர் வரும் கிணற்றைத் தனியாக மூட வேண்டாம். தூள் இறங்கிப் பம்பி சிக்கிவிடும். பம்பியைப் பராமரிப்புக்கு வெளியே எடுக்கும் திகதி எப்படியும் அட்டவணையில் இருக்கும். பம்பியை எடுத்தவுடன் பதிவுமானியைப் படை ஆழத்துக்கு இறக்கி, கிணற்றை அப்போது மூடுங்கள். பம்பி பட்டறையில் இருக்கும் நாட்களிலேயே வரைபு கிடைத்துவிடும்.